மூன்றாவது தூண்டில்

டவுன்ஷிப் ஆர்ச் கேட் அருகே விடிகாலை இருட்டில் டீக்கடை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சண்முகசுந்தரத்தின் பைக் எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. ஆனால் பின் சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அது என் சீட்டு.

சண்முகமும் நானும் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு ஒன்றாக வேலைக்கு வந்தவர்கள். ஊர் வேறு, சாதி சனம் வேறு, பேச்சுகூட வேறு. என்னைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான். மாதத்தில் ஒரு நாள், ஆஃப் கிடைக்கிற அன்று, கடலூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போவோம். சக்கரபாணி என்பவரின் சின்ன ஃபைபர் போட்டில் பாருக்குப் போய்த் தூண்டில் போடுவோம். பார் என்றால் கடலுக்கு அடியில் கல்லும் பவளமுமாக மேடிட்டுக் கிடக்கிற இடம். களவா, சங்கரா மீன்களெல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

இந்த மே மாதத்தோடு சண்முகத்துக்கு ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தேவகோட்டைப் பக்கம் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போய்விடுவான். எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. ஆக, அவனோடு கடலுக்குப் போக எனக்கு மிஞ்சியிருப்பது விரல் விட்டு எண்ணுகிற நாட்கள்தான். இன்றைய ஆஃப்பை வாங்க நான் யார் யார் காலைப் பிடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதில் கொண்டுவந்து ஒரு புது ஆளுக்குப் பங்கு வைக்கிறான் இவன்.

"வாடா வளவா. இது அலெக்ஸு. நம்ம பாரைப் பாக்கணும்னான், கூட்டிக்கிட்டு வந்துட்டேன்" என்றான் சண்முகம்.

அலெக்சாண்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். சண்முகம் கடைசியாக மாறிப்போன செக்‌ஷனில் அவனும் பெல்ட் ஆள். நேரில் பார்த்ததில்லையே தவிர, பெயர் எனக்கு மனப்பாடம். நாலு மாதமாகச் சண்முகத்தின் வாயில் 'அலெக்ஸு இப்படிச் சொன்னான், அலெக்ஸு அப்படிச் சொன்னான்' என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

"வணக்கம்ண்ணே. சண்முகண்ணே உங்களப் பத்தி நெறைய சொல்லுவாரு" என்று கையைக் கூப்பினான்.

"எனக்கு எடம்?" என்று சண்முகத்தைக் கேட்டேன்.

"நீ ஒன் வண்டிய எடுத்துட்டு வாயேன். மூணு பேராப் போனா வடலூர்ல போலீஸ் நிப்பான்."

நடந்து வந்தவன், வண்டிக்காகத் திரும்ப வீடு வரைக்கும் நடந்தேன். மனைவி பிரபாவதி கதவைத் திறந்து, "இன்னா, போவலியா?" என்றாள்.

"போறேன். என் சீட்டுல வேற ஆளு குந்திகினு இருக்குது."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தியா, கடைசிக் காலத்துல உனக்குச் சக்களத்தி வந்துட்டாளா? இத்தினி நாளு நான் பட்டத நீயும் கொஞ்சம் படு" என்று சாவியை எடுத்து நீட்டினாள். மாதா மாதம் அவளை விட்டுவிட்டு அவனோடு ஓடுகிறேன் என்பது அவளுடைய பழைய வழக்கு.

வடலூர், குறிஞ்சிப்பாடி, குள்ளஞ்சாவடி என்று வழி நெடுக அவர்கள் முன்னால் போனார்கள், நான் பின்னால் போனேன். அந்த அலெக்சாண்டர் சண்முகத்தின் தோளில் கை வைத்து, காதோடு காதாக என்னமோ சொல்லிக்கொண்டே வந்தான். சண்முகத்தின் தலை ஆடி ஆடிச் சிரித்தது. என்னோடு வரும்போது பனிக்காற்று காதில் அடிக்கிறது, பேசாதே என்று அதட்டுகிறவன். எனக்கு வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சலை வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கரையில் சக்கரபாணி எங்களை எண்ணிப் பார்த்தார். "இன்னாய்யா, எப்பவும் சோடியா வருவீங்க. இன்னிக்கு மூணா?"

"ரெண்டு பேருக்குக் கொறைஞ்சாத்தான் ஏத்தமாட்டீங்க. கூட ஒண்ணு வந்தா ஆகாதா?" என்றான் சண்முகம்.

"ஆவாம இன்னா. புது ஆளு நடுவுல குந்தட்டும், சண்முகம் சார் பக்கத்துல. வளவன் சார், நீ அணியத்துக்குப் போயிடு."

அணியம் என்பது படகின் முன்மூக்கு. அலை அடித்தால் முதல் தண்ணீர் அங்கே உட்கார்ந்திருக்கிறவன் முகத்தில்தான் விழும். இத்தனை வருஷமும் நடுவில், சண்முகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து போனவன் நான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக, நங்கூரத்துக்கும் கயிற்றுச் சுருளுக்கும் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தேன். மாசிக் கடல் அமைதியாகத்தான் இருந்தது. இருந்தும் நாலு தரம் என் முகத்தில் அடித்தது.

கரை கண்ணுக்கு மறைகிற தூரத்தில் சக்கரபாணி இன்ஜினை நிறுத்தினார். பாரின் மேல் நங்கூரத்தை இறக்கி, கயிற்றை அணியத்தில் உருவு முடிச்சாகப் போட்டார். நங்கூரம் கல்லில் மாட்டிக்கொண்டாலோ, மீனைத் துரத்திப் போக வேண்டி வந்தாலோ, முடிச்சின் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். கயிறு மொத்தமும் ஓடிவிடும். அதன் கடைசியில் கட்டிய வெள்ளைக் கேன் மிதந்துகொண்டிருக்கும். பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

எங்களிடம் ராடு, கீடு எல்லாம் கிடையாது. கைத்தூண்டில்தான். தங்கூசி என்கிற நைலான் நரம்பில் ஒரு சுருள், ஈயக்குண்டு, முள்ளில் கணவாய்த் துண்டு, அவ்வளவுதான். சண்முகம் அலெக்சாண்டரின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் மேல் தங்கூசியை வைத்தான்.

"இப்பிடி வெரல்ல வச்சுக்க. இழுக்காத. சும்மா இரு. மீன் பேசும், அப்ப நீ பதில் சொன்னாப் போதும்."

அது எனக்குச் சொன்ன வார்த்தை. முதல் நாள், இதே பாரின் மேல், இதே மாதிரி என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னது. எனக்காக அந்த நேரத்தில் அவனாக யோசித்துச் சொன்னது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். யார் வந்தாலும் எடுத்துக் கொடுக்கிற வார்த்தை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

என் தூண்டிலில் விழுந்ததெல்லாம் கிளாத்தி. இரையைத் தின்பதில் சூரன், தோலை உரித்தால் ஒன்றும் மிஞ்சாது. சண்முகத்துக்கு ஒன்றும் விழவில்லை. அலெக்சாண்டர் கையை ஓர் உதறு உதறிச் சரசரவென்று இழுத்தான். சிவப்புச் சேலை விரித்த மாதிரி ஒரு சங்கரா மேலே வந்தது.

"மொத மீனு!" என்று சண்முகம் கத்தினான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கணக்கில் எடுத்துக்கொள்கிற மாதிரி முதல் மீன் யார் தூண்டிலில் விழுகிறதோ, அன்று ராத்திரி குழம்பு அவர் வீட்டில். இன்னொரு குடும்பம் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும். சண்முகத்தின் மனைவி கனகம் அண்ணியின் குழம்பா, பிரபாவதியின் குழம்பா என்று எங்கள் பிள்ளைகள் பந்தயம் கட்டி வளர்ந்தார்கள். அந்த வழக்கத்தையும் சண்முகம் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

"அப்ப இன்னிக்கு நம்ம வூட்லதான்ண்ணே. எம் பொண்டாட்டி ஜெனிஷா கேட்டா குதிப்பா. வளவண்ணே, அண்ணிய அவசியம் கூட்டிக்கினு வரணும்" என்றான் அலெக்சாண்டர்.

"மொதல்ல கரையேறுவோம். அதுக்குள்ள பந்தி போட்டுட்ட" என்றேன். சக்கரபாணி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வெயில் ஏறியதும் சண்முகம் டிபன் பாக்ஸைத் திறந்தான். கனகம் அண்ணி கட்டுகிற புளிச்சோறு, கூட அவித்த முட்டை. எப்போதும் இரண்டு முட்டை இருக்கும். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. இன்றைக்கு மூன்று இருந்தது. அப்படியானால் அலெக்ஸ் கேட்டான், போகிற போக்கில் கூட்டி வந்தேன் என்பதெல்லாம் சும்மா. நேற்றே பேசி வைத்து, வீட்டிலும் சொல்லி, முட்டை அவிக்கச் சொல்லியிருக்கிறான். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. மூன்றில் முதல் முட்டையை எடுத்து அலெக்சாண்டருக்குக் கொடுத்தான். எனக்கு வேண்டாம் என்றேன். "பித்தமா?" என்று கேட்டுவிட்டு என் முட்டையையும் அவனுக்கே வைத்தான். அவனும் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகுதான் பெரிய மீன் விழுந்தது.

அலெக்சாண்டரின் தங்கூசி விண்ணென்று விறைத்துப் படகின் விளிம்பை அறுத்துக்கொண்டு ஓடியது. "அண்ணே!" என்று அலறினான். அந்த 'அண்ணே' எனக்கில்லை. சண்முகம் தன் தூண்டிலைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். அவன் கையோடு கை வைத்து, "விடு, விடு, ஓடட்டும். இப்பப் புடி. களவாடா! பெரிய களவா! பொந்துக்குள்ள போக விட்றாத!" என்று கத்தினான். ஒரே நூலில் நாலு கை. ரெண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, இழுப்பதும் விடுவதுமாக, சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். சண்முகத்தின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. அவன் ஒரு தடவைகூட அணியத்துப் பக்கம் திரும்பவில்லை.

என் கை கயிற்றின் வாலை இழுத்துவிட்டது.

முடிச்சு உருவி, கயிறு சடசடவென்று ஓடி, வெள்ளைக் கேன் துள்ளிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. படகு திரும்பி நீரோட்டத்தோடு போனது. தங்கூசி ஒரு நொடி தொய்ந்தது, அடுத்த நொடி பாரின் விளிம்பில் உரசியது. டப்பென்று ஒரு சத்தம். அலெக்சாண்டர் பின்னால் விழுந்தான். மீன் போய்விட்டது. அவனுடைய ஆள்காட்டி விரலைத் தங்கூசி அறுத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"யோவ்! கவுத்த எவன்யா உருவுனது?" என்று சக்கரபாணி எழுந்து நின்றார்.

சண்முகம்தான் சொன்னான்.

"திட்டாதீங்க சக்கரபாணி. அவன் பெல்ட்டுக்காரன். பெல்ட்டு நெடுக ஒரு கவுறு போகும், புல் கார்டுன்னு. யாராச்சும் மாட்டிக்கிட்டாலும், ஆபத்துன்னு கத்துனாலும் அந்தக் கவுத்த இழுத்தாப் போதும், பெல்ட்டு நின்னுரும். இத்தன வருஷமா அந்தக் கவுத்துக்குப் பக்கத்துலயே நின்னவன். அலெக்ஸு கத்துனான்ல, கை தானாப் போயிருச்சு."

சக்கரபாணி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. "நல்ல வேள, என் இன்ஜின நிறுத்த கடல்ல குதிக்காம இருந்தாரே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அலெக்சாண்டர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "பரவால்லண்ணே, பெல்ட்டுன்னா அப்பிடித்தான" என்றான். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சிகூட இருந்தது. மீன் போனதற்காக இல்லை. சண்முகம் என் பக்கம் பேசினானே, அதற்காக.

திரும்பப் போய்க் கேனைப் பிடித்துக் கயிற்றைக் கட்டினோம். பழைய கலகலப்பு வரவில்லை. அலெக்சாண்டர் மறுபடி தூண்டில் போடவில்லை, விரல் எரிகிறது என்றான். வெயில் சாய்கிற முன்பே கரைக்கு வந்துவிட்டோம்.

கரையில் இறங்கியதும் அந்தச் சங்கராவை எடுத்துச் சண்முகத்தின் பையில் போட்டான்.

"கொழம்ப உங்க வூட்லயே வச்சுக்கங்கண்ணே. ஜெனிஷா அவங்கம்மா வூட்டுக்கு, மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்துருக்கா. நான் அப்பிடியே பஸ்ஸப் புடிச்சுப் போயிடறேன்."

"காலையில வீட்டுல இருக்கான்னு சொன்ன?" என்றான் சண்முகம்.

"இல்லண்ணே, அது..." என்று இழுத்தான். பிறகு என்னைப் பார்க்காமல், "எனக்கு இது சரிப்படாதுண்ணே. நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போல வந்துட்டுப் போங்க. வரேன் வளவண்ணே" என்றான். துணி சுற்றிய விரலைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் நடந்து போனான்.

பிடாரி போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். அது எப்படி இருந்தது என்று பார்ப்பதற்குள் சண்முகம் பைக்கைக் கிளப்பிவிட்டான். வழியில் ஒரு பேச்சும் இல்லை. ஆளுக்கு ஒரு வண்டி, பேசத்தான் எங்கே முடியும்?

குள்ளஞ்சாவடி கூட்ரோட்டில் அவன் வண்டியை ஒதுக்கினான். ரெண்டு டீ சொன்னான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "இழுக்கறதுக்கு முந்தி நீ கவுத்தப் பாத்த" என்றான்.

"எந்தக் கவுத்த?"

"வேணாம்டா வளவா. நான் பாத்தேன். மொதல்ல எங்க ரெண்டு பேரையும் பாத்த. அப்பறம் குனிஞ்சு கவுத்தோட வாலு எதுன்னு தேடிப் பாத்த. அப்பறம் இழுத்த. பெல்ட்டுக்காரன் கவுத்தப் பாக்கமாட்டான். ட்ரெயினிங்குக்கு வர்ற பயலுகளுக்கு நாமதான சொல்லிக் குடுக்கறோம்? கவுத்தத் தேடாத, கண்ணு மாட்டிக்கிட்ட ஆளு மேல இருக்கணும், கை தானாப் போகணும்னு."

அவன் அணியத்துப் பக்கம் திரும்பவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, திரும்பியிருக்கிறான். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஆமா, பாத்துதான் இழுத்தன். இன்னா இப்ப? இன்னும் எத்தினி தரம் வரப்போறோம் நாம? ரெண்டு தரமா, மூணு தரமா? அதுக்குள்ள உனக்கு இன்னொருத்தன் கேக்குதா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம முட்ட அவிச்சுக்கினு வர. எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்ற. மீனு பேசுமாம், மீனு! அவங்கூட நீ சிரிச்ச சிரிப்பு என்னாண்ட எப்பனா சிரிச்சிருக்கியா? எனக்குப் பொறாமைதான்யா. போதுமா?"

டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார். சண்முகம் அவரைப் பார்க்கவில்லை. அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரிலீவர் வராம பாயிண்ட்ட விட்டு எறங்கலாமாடா?" என்றான்.

எங்கள் வேலையில் அதுதான் முதல் சட்டம். ஷிப்ட் முடிந்துவிட்டது என்று கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிப்ட்காரன் வந்து, அவன் கையில் ஒப்படைத்த பிறகுதான் இருக்கிற இடத்தை விட்டு நகரலாம். அந்த ஆள்தான் ரிலீவர்.

"சக்கரபாணி ஒத்த ஆள ஏத்தமாட்டாரு. உனக்கோ புதுசா ஒருத்தர்கிட்ட வாயத் தெறந்து ரெண்டு வார்த்த பேச வராது. நான் ஊருக்குப் போன மறு மாசமே நீ தூண்டில மூட்ட கட்டிப் பரண்ல போட்டுட்டு, ஆஃப் அன்னைக்கெல்லாம் பிரபாவதிகிட்டச் சண்ட போட்டுக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்குத் தெரியாதா? எங்க செக்சன்ல ஒவ்வொருத்தனாப் பாத்து, ஒன் கோவத்தத் தாங்குறவனா ஒருத்தனப் புடிச்சேன். முன்னாடியே சொன்னா நீ வரவே மாட்ட. அதான் சொல்லல. நீ ஒரே இழுப்புல அறுத்து விட்டுட்ட."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இவன் போகத் தயாராகிவிட்டான். அதுதான் என் மண்டையில் இறங்கியது. நான் நாளை எண்ணிக்கொண்டிருக்க, இவன் என்னை யார் கையில் கொடுத்துவிட்டுப் போவது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நான் இன்னா பாயிண்ட்டா, சார்ஜ் குடுத்துட்டுப் போவ?" என்றேன். "ரிலீவர்தான் ஓடிட்டான்ல. அப்ப நீ எறங்கக்கூடாது. ஓவர்டைம் பாரு."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். சண்முகம் சிரிக்கவில்லை. "அறுவது ஆயிருச்சுன்னா ஓ.டி. கெடையாதுடா" என்றான்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது. "அவன் நம்பரக் குடு" என்றேன். அவன் போனில் அந்த நம்பர் முதல் வரிசையில் இருந்தது. அதற்கும் ஒரு குத்து குத்தியது.

பஸ் இரைச்சலுக்கு நடுவில் அலெக்சாண்டர் எடுத்தான்.

"நான் வளவன் பேசறேன். வெரலு எப்பிடி இருக்குது?"

"பரவால்லண்ணே. லேசான வெட்டுதான்."

"அந்தக் கவுறு... அது பழக்கதோசம் இல்ல."

"தெரியும்ண்ணே. நானும் பெல்ட்டு ஆளுதான" என்றான்.

போனைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றிருந்தது. படகில் எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தானே, தெரிந்துகொண்டேதான் சிரித்திருக்கிறான். என் மானத்தைக் காப்பாற்றச் சிரித்திருக்கிறான்.

"அடுத்த மாசம் வரியா?" என்று கேட்டேன்.

"சண்முகண்ணே கேக்கச் சொன்னாராண்ணே?"

நான் சண்முகத்தைப் பார்த்தேன். அவன் காலி கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

"இல்ல. நான்தான் கூப்புடறேன்."

"அவரு ஊருக்குப் போனப்பறமும் போலாமாண்ணே?"

"போலாம்."

"அப்ப வரேண்ணே" என்றான். அந்தப் பையனின் குரலில் சந்தோஷம் இருந்தது. என்னோடு வருவதற்குச் சந்தோஷப்பட ஓர் ஆள் இருப்பான் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

போனை வைத்ததும் சண்முகம், "என்னவாம்?" என்றான். கேட்கக்கூடாது என்று அடக்கிப் பார்த்து, முடியாமல் கேட்ட மாதிரி இருந்தது.

"வரானாம். நீ போனப்பறமும் வரானாம். எங்கூடத்தான் வரணுமாம்."

"என்னையப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?"

"ஒண்ணும் கேக்கல" என்று பொய் சொன்னேன்.

"நல்லது, நல்லது. அதான வேணும்" என்றான் சண்முகம். சொல்லும்போதே முகம் தொங்கிப்போனது. நேற்று வரைக்கும் தன்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்த பையன், தான் இல்லாத கடலுக்கு அதற்குள் நாள் குறித்துவிட்டான் என்கிற வாட்டம். காலையிலிருந்து நான் பட்டதில் கால்வாசியாவது அவன் படட்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பட்டான். அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குத் துளிகூடச் சந்தோஷம் வரவில்லை.